கடுகுக்கு ஏன் 36?



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்தவனுக்குத் தான் நன்றாகச் சொல்லிக்கொடுத்த பாடங்கள் மறந்துபோவதுண்டு. சரியாகச் சொல்லாமல் விட்ட பாடம் மட்டும் மறப்பதில்லை. அத்தகைய ஒரு பாடத்தைத்தான் இன்று உங்கள்முன் மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் வகுப்பில் குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். மனிதனுக்கு 46, நெல்லுக்கு 24, வெங்காயத்துக்கு 16, முள்ளங்கிக்கு 18, முட்டைக்கோசுக்கு 18, கடுகுக்கு 36, கோதுமைக்கு 42. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவி எழுந்து நின்றாள். "ஐயா, முள்ளங்கி, கோசு, கடுகு மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று சென்ற வாரம் சொன்னீர்கள். மற்ற இரண்டுக்கும் 18 இருக்க, கடுகுக்கு மட்டும் ஏன் அதைப்போல இரண்டு மடங்கு?" என்று கேட்டாள். மணி அடிக்கும் நேரம். பாடத்தை முடிக்கவேண்டிய அவசரம். "அம்மா, அது இயற்கை. தேர்வுக்கு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்" என்றேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டது மிக நல்ல கேள்வி. நான் சொன்னது விடையே அன்று. அந்தக் கடனைத் தீர்ப்பதற்கே இந்தப் பேச்சு.

முதலில் குரோமோசோம் என்பது யாதென நினைவுபடுத்திக்கொள்வோம். உயிருள்ள ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் நுண்ணிய இழைகள் சில உள்ளன. செல் இரண்டாகப் பிரியும் வேளையில் அவை தடித்துச் சிறு கோல்கள்போல் தோன்றும். சாயம் ஏற்றி நுண்பெருக்கியின்கீழ் வைத்தால் எண்ணிவிடலாம். இலை இப்படி இருக்கவேண்டும், பூ இந்த நிறமாக இருக்கவேண்டும் என்னும் பரம்பரைக் கட்டளைகள் அனைத்தும் இக்கோல்களில்தான் அடங்கியுள்ளன. ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர்கள் யாவற்றிலும் இவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றே.

இந்த எண் இரட்டைப்படையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெங்காயத்தின் 16 குரோமோசோம்களில் 8 தாயிடமிருந்து வந்தவை. 8 தந்தையிடமிருந்து வந்தவை. தாய்வழி வந்த முதலாவது கோலுக்கு ஒத்ததாகத் தந்தைவழியில் ஒரு முதலாவது கோல் உண்டு. இரண்டாவதற்கு ஓர் இரண்டாவது உண்டு. இவ்வாறு எட்டு இணைகள். செடி மகரந்தத்தையும் சூல்முட்டையையும் உண்டாக்கும்போது இந்த இணைகள் பிரிந்து, இணைக்கு ஒன்றாக 8 கோல்கள் மட்டுமே ஒவ்வொரு பாலணுவுக்கும் செல்லும். மகரந்தத்தின் எட்டும் முட்டையின் எட்டும் கூடினால் மறுபடியும் 16. தலைமுறை எத்தனை வந்தாலும் எண் மாறாமல் நிற்பது இந்த ஒழுங்கினாலேயே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இணைகள் பிரிவதற்கு முன்னர், ஒத்த கோல்கள் இரண்டும் ஒன்றையொன்று தேடி வந்து பக்கத்தில் பக்கமாகச் சேர்ந்து நிற்கின்றன. கோலாட்டத்தில் ஒவ்வொரு சிறுமியும் தன் இணையை எதிரே வைத்துக்கொண்டு நிற்பது போன்றது இது. இணைந்து நின்றால்தான் ஒழுங்காகப் பிரியமுடியும். எதிரில் இணை இல்லாவிட்டால் ஆட்டம் குலைந்துபோகும். இன்றைய பாடம் முழுவதும் இந்த ஒரு செய்தியின்மேல் நிற்கிறது.

குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு 32-ம் 31-ம் கூடி 63. அது உழைப்பில் சளைக்காத விலங்கு, உடல்நலத்தில் குறைவில்லை. ஆயினும் அதற்குச் சந்ததி உண்டாவது மிக மிக அரிது. உடல் வளர்வதற்கு இணை வேண்டியதில்லை. பாலணு உண்டாவதற்கே இணை வேண்டும். குதிரையின் கோல்களுக்கும் கழுதையின் கோல்களுக்கும் முழுப்பொருத்தம் இல்லாமையால் அங்கே ஆட்டம் குலைகிறது. வேற்றினக் கலப்பில் பிறந்த பிறவி மலடாக இருப்பதன் முக்கியக் காரணம் இதுவே.

விலங்குகளில் கதை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். செடிகளிலோ இயற்கை வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியைத் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ரஷ்ய விஞ்ஞானியான கார்ப்பெச்சென்கோ. 1920-களில் லெனின்கிராடு நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலக்க முயன்றார். இரண்டுக்கும் குரோமோசோம் எண் 18. எனவே கலப்புச் செடியில் முள்ளங்கியின் 9-ம் கோசின் 9-ம் சேர்ந்து 18 இருந்தன. எண்ணைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் நுண்பெருக்கியில் பார்த்தபோது அந்தப் பதினெட்டும் தனித்தனியே நின்றன. முள்ளங்கியின் கோல் கோசின் கோலை இணையாக ஏற்கவில்லை. செடிகள் செழித்துப் பூத்தும் ஏறத்தாழ விதையே பிடிக்கவில்லை.

ஏறத்தாழ என்று சொன்னேன். முற்றிலும் இல்லை என்று சொல்லவில்லை. மிகச்சில விதைகள் கிடைத்தன. அவற்றை விதைத்து, முளைத்த செடிகளின் குரோமோசோம்களை எண்ணினால் 36! இந்தச் செடிகள் தாராளமாக விதை ஈந்தன. அவ்விதைகளும் முளைத்து மறுபடியும் 36 உள்ள செடிகளையே தந்தன.

நடந்தது என்ன? இணை சேராமையால் பாலணுப் பிரிவு குலைகிறது என்று கண்டோம். அவ்வாறு குலையும்போது, அருமையாகச் சிற்சில வேளைகளில், பிரியவேண்டிய கோல்கள் பிரியாமலே எல்லாம் ஒரே செல்லில் தங்கிவிடுகின்றன. 9 இருக்கவேண்டிய பாலணுவில் 18-ம் நின்றுவிடுகின்றன. இத்தகைய மகரந்தமும் இத்தகைய முட்டையும் கூடினால் 36. இப்போது முள்ளங்கியின் கோல்கள் 18, கோசின் கோல்கள் 18. முள்ளங்கிக் கோலுக்கு இணை முள்ளங்கிக் கோல். கோசுக் கோலுக்கு இணை கோசுக் கோல். ஒவ்வொன்றுக்கும் துணை கிடைத்துவிட்டது, ஆட்டம் ஒழுங்காக நடைபெறுகிறது, மலட்டுத்தன்மை நீங்குகிறது. தவறிய ஒரு பிரிவே, முன்னிருந்த தடையை நீக்கும் மருந்தாகிவிட்டது.

இந்தச் செடி தன் பெற்றோருடன் கலந்தால் என்னவாகும்? 18-ம் 9-ம் கூடி 27, ஒற்றைப்படை எண். அந்தக் கலப்பில் மறுபடியும் சில கோல்களுக்கு இணை இல்லை. அதன் விதைவளம் கெட்டுப்போகும். தன்னினத்துடன் வளமாகப் பெருகி, பெற்றோரினத்துடன் வளமாகப் பெருகாத ஒன்றை வேறென்ன சொல்வது? புதிய இனம் என்றுதான் சொல்லவேண்டும். பல்லாயிரம் ஆண்டுகள் சிறுகச் சிறுக மாறியே புதிய இனம் தோன்றும் என்பது பொதுவிதி. செடிகளில் இரண்டே தலைமுறைகளிலும் ஒரு புதிய இனம் தோன்றமுடியும் என்பதைக் கார்ப்பெச்சென்கோவின் தோட்டம் காட்டிற்று. வேறுபட்ட இனங்களின் குரோமோசோம் தொகுதிகள் கூடி, அவை இரட்டித்து நிற்கும் செடியைக் கலப்புப் பன்மடியம் என்று கூறுவர்.

அவருடைய செடியில் முள்ளங்கியின் கிழங்கும் கோசின் தலையும் ஒருங்கே கிடைக்கவில்லை. சமையலுக்கு அதனால் பயன் இல்லை. ஆனால் அதன் காய் அழகான ஒரு பாடம். காயின் கீழ்ப்பகுதி கோசின் காயை ஒத்திருந்தது. மேற்பகுதி முள்ளங்கியின் காயை ஒத்திருந்தது. இரு பெற்றோரின் கட்டளைகளும் ஒரே காயில் எழுதப்பட்டிருந்தன.

அந்த விஞ்ஞானியின் முடிவையும் நீங்கள் அறியவேண்டும். அக்காலத்துச் சோவியத் நாட்டில் பரம்பரையியல் ஆட்சியாளரின் ஆதரவை இழந்தது. குரோமோசோம்களை எண்ணியவர்கள் ஐயத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். கார்ப்பெச்சென்கோ 1941-இல் கைது செய்யப்பட்டு அவ்வாண்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பணிபுரிந்த நிலையத்தின் தலைவரும் உலகப்புகழ் பெற்ற தாவர அறிஞருமான வவிலோவ் 1943-இல் சிறையில் மாண்டார். முள்ளங்கியின் 9-ம் கோசின் 9-ம் எந்த அரசின் ஆணைக்கும் காத்திராமல் இன்றும் 9-ஆகவே இருக்கின்றன. நாம் எளிதாக மனப்பாடம் செய்துவிடும் ஓர் எண்ணுக்குப் பின்னால் இத்தகைய விலையும் உண்டு.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். கடுகின் 36 எங்கிருந்து வந்தது? இப்போது நீங்கள் சட்டென்று, "18-ஐ இரட்டித்தால் 36, ஆகவே கடுகும் முள்ளங்கி, கோசு ஆகியவற்றின் கலப்பே" என்று சொல்லக்கூடும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினேன். அது தவறு. இங்கேதான் எண்ணிக்கை மட்டும் போதாது, எண்ணின் உள்ளே பார்க்கவேண்டும் என்பது விளங்குகிறது.

இந்தப் புதிரை விடுவித்ததில் ஜப்பானிய விஞ்ஞானிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1935-இல் அதை முழுமையாக எடுத்துக்காட்டியவர் உ நாகஹாரு என்பவர். கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் டோக்கியோவில் பிறந்தவர். உ என்பது அவருடைய கொரியக் குடும்பப் பெயர். கடுகுச் சாதியில் மூன்று அடிப்படை இனங்கள் உள்ளன. கருங்கடுகுக்குக் குரோமோசோம்கள் 16. அதன் பாலணுவில் 8. முட்டைக்கோசுக்கு 18, பாலணுவில் 9. டர்னிப்புக்கு 20, பாலணுவில் 10. 8, 9, 10 என்னும் இந்த மூன்று எண்களையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் எழுதுங்கள். முனைகளைச் சேர்க்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு புதிய இனம் நிற்கிறது.

கருங்கடுகின் 8-ம் டர்னிப்பின் 10-ம் கூடினால் 18, இரட்டித்தால் 36. இதுவே நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் உள்ள கடுகு. கோசின் 9-ம் டர்னிப்பின் 10-ம் கூடினால் 19, இரட்டித்தால் 38. இது கனோலா எண்ணெய் தரும் ரேப் என்னும் செடி. கருங்கடுகின் 8-ம் கோசின் 9-ம் கூடினால் 17, இரட்டித்தால் 34. இது எத்தியோப்பியாவில் பயிராகும் கடுகு. இந்த முக்கோணத்தைத் தாவர நூலார் உ அவர்களின் முக்கோணம் என்றே வழங்குகின்றனர்.

"கூட்டல் கணக்குச் சரியாக வருகிறது, அது தற்செயலாக இருக்கக்கூடாதா?" என்று கேட்பீர்களானால், அந்தக் கேள்வியைப் பாராட்டுகிறேன். அதற்குச் சான்று இருவகையில் உண்டு. கடுகை டர்னிப்புடன் கலந்து பார்த்தனர். கடுகின் 18-ம் டர்னிப்பின் 10-ம் கூடிக் கலப்புச் செடியில் 28. இவற்றில் 10 இணைகள் அமைந்தன. 8 கோல்கள் தனித்து நின்றன. கடுகின் உள்ளே டர்னிப்பின் பத்தும் ஒளிந்திருந்தாலன்றிப் பத்து இணைகள் அமைய வழியில்லை. தனித்து நின்ற எட்டு யாருடையவை என்பதைக் கருங்கடுகுடன் கலந்து இவ்வாறே கண்டனர். இது முதற்சான்று. இரண்டாவது சான்று இன்னும் வலியது. உ அவர்கள் டர்னிப்பு இனத்தையும் கோசு இனத்தையும் கலந்து, 38 குரோமோசோம்கள் உள்ள ரேப் செடியைத் தம் கையாலேயே புதிதாக உண்டாக்கிக் காட்டினார். இயற்கை என்றோ செய்ததை மனிதன் மறுபடியும் செய்துகாட்டினால், அதற்குமேல் ஐயத்துக்கு இடம் ஏது?

கோதுமையின் 42-க்கும் இத்தகைய வரலாறு உண்டு. அங்கே கலப்பு இருமுறை நடந்திருக்கிறது. 14 குரோமோசோம்கள் உள்ள ஒரு காட்டுக் கோதுமையும், 14 உள்ள வேறொரு காட்டுப்புல்லும் கலந்து இரட்டித்ததில் 28 உள்ள கோதுமை பிறந்தது. ரவைக்கும் சேமியாவுக்கும் ஏற்ற டூரம் கோதுமை இந்தக் கிளையைச் சேர்ந்தது. உழவன் அதைப் பயிரிடத் தொடங்கிய பின்னர், வயலோரத்தில் களையாக நின்ற மூன்றாவது புல் ஒன்று அதனுடன் கலந்தது. அதற்கும் எண் 14. பாலணுக்களில் 14-ம் 7-ம் கூடி 21, இரட்டித்து 42. காஸ்பியன் கடலுக்குத் தெற்கே, சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்தக் கலப்பே ரொட்டிக் கோதுமையைத் தந்தது. இந்த மூன்றாவது புல் எது என்பதை ஜப்பானில் கிஹாரா என்பவரும், அமெரிக்காவில் மக்ஃபாடன், சியர்ஸ் என்னும் இருவரும் 1944-இல், உலகப் போரின் நடுவே, ஒருவர் பணியை ஒருவர் அறியாமலே கண்டறிந்தனர். போர் நாடுகளைப் பிரித்து வைத்தது. புல்லோ இரு தரப்பாருக்கும் ஒரே விடையைத் தந்தது.

இவை எல்லாம் என்றோ நடந்து முடிந்த கதைகள் என்று கருதவேண்டா. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று பரவிய டிராகோபோகன் என்னும் பூச்செடிகளில் மூன்று இனங்கள் உண்டு. மூன்றுக்கும் எண் 12. அவை அங்கே ஒன்றோடொன்று கலந்து, 24 குரோமோசோம்கள் உள்ள இரண்டு புதிய இனங்கள் தோன்றியிருப்பதை 1950-இல் ஓன்பி என்னும் தாவர நூலார் வெளியிட்டார். பெற்றோர் அந்நிலத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆகவே அந்த இரு இனங்களும் நம் பாட்டனார் காலத்தில் பிறந்தவை.

நம் நாட்டுக்கு வருவோம். கோயமுத்தூரில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞரும், அவருக்குப் பின் தலைமை ஏற்ற டி. எஸ். வேங்கடராமனும் அங்கே இனிப்பு மிக்க கரும்பை, சாறற்ற ஆனால் வலிமை மிக்க காட்டு நாணலுடன் கலந்தனர். கரும்புக்குக் குரோமோசோம் 80. கோயமுத்தூர் நாணலுக்கு 64. நம் கணக்குப்படி கலப்பில் 40-ம் 32-ம் கூடி 72 இருக்கவேண்டும். ஆனால் வட இந்திய வயல்களுக்குச் சென்று புகழ்பெற்ற கோ 205 என்னும் கலப்புக் கரும்பில் இருந்தவை 112. எப்படி? 80-ம் 32-ம் கூட்டிப் பாருங்கள். தாய்க் கரும்பு தன் பங்கைப் பாதியாக்காமல் முழுவதையும் தந்துவிட்டது! கணக்கு பிழைத்தது என்று தோன்றிய இடத்தில்தான் புதிய உண்மை இருந்தது.

அந்நிலையத்தில் 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். பின்னர் அவர் இங்கிலாந்தில் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கரும்பலகையில் நான் எழுதிய பட்டியல் போன்றவை யாவும் இவ்வாறு யாரோ ஒருவர் நுண்பெருக்கியின்மேல் கண்வலிக்கக் குனிந்து எண்ணியதனால் கிடைத்தவை.

கண்வலி என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கலப்புச் செடியில் இரட்டிப்பு தற்செயலாக நிகழும்வரை காத்திராமல், அதை நாமே நிகழ்த்த வழி உண்டா? உண்டு. கோல்ச்சிசின் என்னும் நஞ்சு, செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகளை உருவாகவிடாமல் தடுக்கிறது. கோல்கள் இரட்டித்தும் செல் பிரிவதில்லை, எண் இருமடங்காகிறது. இதை 1937-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அந்த நஞ்சு, நம் வேலிகளில் படரும் செங்காந்தளில், அதாவது கண்வலிக்கிழங்குக் கொடியிலும் உள்ளது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய அதைத் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகவே பயிரிடுகின்றனர். அழகிய மலர், ஆனால் உண்டால் உயிரைப் போக்கும் நஞ்சு. அதைப் பறித்து விளையாடவேண்டா.

எல்லாக் கலப்பும் இரட்டிப்பில் முடிவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் உண்ணும் பூவனும் மொந்தனும் இரண்டு காட்டு வாழை இனங்களின் கலப்பில் வந்தவை. காட்டு வாழைக்கு 22. இவற்றுக்கு 33, அதாவது 11 கொண்ட மூன்று தொகுதிகள். மூன்று பேர் ஆடவந்தால் இணை சரியாக அமையுமா? அமையாது. பழத்தில் விதை பிடிக்காமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே வாழையைக் கன்று வைத்தே வளர்க்கிறோம்.

முடிவாக உங்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். 28 குரோமோசோம்கள் உள்ள டூரம் கோதுமையையும், 14 உள்ள ரை என்னும் தானியத்தையும் கலந்தால், முதற்கலப்பின் எண் என்ன? அது விதை தருமா? அதை இரட்டித்தால் எண் என்ன? தாளில் போட்டுப் பாருங்கள். 21 என்றும், விதை தராது என்றும், இரட்டித்தால் 42 என்றும் வரும். டிரிட்டிக்கேல் என்னும் பெயரால் இந்தத் தானியம் பல நாடுகளில் பயிராகிறது. அதற்கும் 42; ரொட்டிக் கோதுமைக்கும் 42. எண் ஒன்று, வந்த வழி வேறு. கார்ப்பெச்சென்கோவின் செடிக்கும் 36, கடுகுக்கும் 36. அங்கும் எண் ஒன்று, வழி வேறு.

பட்டியலில் உள்ள எண் பாடத்தின் முடிவன்று, தொடக்கம். இன்று குரோமோசோமின் உள்ளே உள்ள எழுத்துகளையே வரிசையாகப் படிக்கும் முறைகள் வந்துவிட்டன. ரேப் செடியின் வரிசையை 2014-இலும், ரொட்டிக் கோதுமையின் வரிசையை 2018-இலும் வெளியிட்டனர். நுண்பெருக்கியில் எண்ணியவர்கள் சொன்ன குடும்பக் கதையை அவ்வரிசைகள் உறுதி செய்தன.

அன்று வகுப்பில் எழுந்து நின்ற அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாளோ, அறியேன். இந்தப் பேச்சு அவள் காதில் விழுமானால், என் விடை இது: அம்மா, கடுகுக்கு 36 இருப்பது கோசைப்போல இரண்டு மடங்காக அன்று. கருங்கடுகின் எட்டும் டர்னிப்பின் பத்தும் ஒருநாள் கூடின; இணையின்றி நின்றன; பிறகு இரட்டித்து இணை பெற்றன. நீ கேட்ட கேள்வி சரியானது. அன்றே அதற்கு நான் விடை தேடியிருக்கவேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஆசிரியர் "மனப்பாடம் செய்" என்று சொன்னால் செய்யுங்கள். தேர்வுக்கு அது வேண்டியிருக்கும். ஆனால் "ஏன்?" என்ற கேள்வியை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.